அத்தியாயம் 7: கடலிலிருந்து அழைப்பு வந்தால்

இந்த அத்தியாயம் யாரையும் படகில் ஏற்றிவிடுவதற்காக எழுதப்படவில்லை. ஏறுகிறவர்கள் பெரும்பாலும் நம்மிடம் கேட்டு ஏறுவதில்லை. மன்னாரிலோ, மண்டபம் முகாமிலோ, பிரான்ஸின் கலே கரையிலோ இருக்கும் ஒருவர் ஏஜென்சிக்காரனுக்குக் காசைக் கட்டிவிட்டு, பெற்ற தாய்க்கும் சொல்லாமல் புறப்பட்டுவிடுவார். மெஷின் நின்று, தண்ணீர் உள்ளே வரத் தொடங்கிய பிறகுதான் லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் மாமாவின் நம்பர் ஞாபகத்துக்கு வரும். நடுச்சாமத்தில் அந்த அழைப்பை எடுக்கிற மாமாவுக்காகவே இந்தப் பக்கங்கள்.

முதல் பத்து நிமிடம்

அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

999 அடியுங்கள். எந்தச் சேவை வேண்டும் என்று கேட்டதும் "கோஸ்ட்கார்ட்" (கரையோரக் காவல்படை) என்று சொல்லுங்கள். குட்மேய்ஸிலிருந்து 112 அடித்தாலும் அது பிரித்தானிய அவசர சேவைக்குத்தான் போகும், பிரான்ஸுக்குப் போகாது. படகு ஆங்கிலக் கால்வாயில் இல்லை, இந்து சமுத்திரத்தில் நிற்கிறது என்றாலும் அடிக்க வேண்டியது அதே 999தான்.

"அது எங்கள் பகுதி இல்லை" என்ற பதில் வரலாம். உடனே போனை வைத்துவிடாதீர்கள். உலகக் கடல்கள் தேடல், மீட்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004இல் வெளியிட்ட வழிகாட்டு விதிகள், தகவல் முதலில் எந்த மையத்துக்குக் கிடைத்ததோ அந்த மையமே உரிய மையத்தைத் தொடர்புகொள்ள வேண்டும் என்கின்றன. உரிய மையம் பொறுப்பை ஏற்கும்வரை முதல் மையம் கை கழுவ முடியாது. ஆகவே பணிவாக, ஆனால் விடாமல், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எந்த நாட்டு மையத்துக்கு அறிவிக்கிறீர்கள்? இந்தச் சம்பவத்தின் பதிவு எண் என்ன? இரண்டு பதிலையும் நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள் சட்டத்தரணி உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்தத் துண்டுக் கடதாசியைத்தான்.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அவர் வரும்வரை சும்மா இராமல், படகு நிற்கும் இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இலக்கம் இலக்கமாகச் சொல்லி முடித்துவிடுங்கள்.

படகில் இருப்பவரோடு பேச வேண்டிய முறை கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்க வேண்டும்:

"மாமா, வள்ளத்துக்குள்ள தண்ணி வருது. பிள்ளையள் கத்துதுகள்."

"மருமோன், முதல்ல லொகேஷனை அனுப்பு. எத்தனை பேர் இருக்கிறியள்? மெஷின் ஓடுதா?"

"மெஷின் நிண்டு ஒரு மணித்தியாலம். முப்பது பேர் வரும். கைக்குழந்தையும் ஒண்டு."

"லைஃப் ஜாக்கெட்?"

"பாதிப் பேருக்கு இல்லை."

"சார்ஜ் எவ்வளவு கிடக்கு?"

"பன்ரெண்டு வீதம்."

"சரி, வை. நான் கோஸ்ட்கார்டுக்கு அடிச்சிட்டு எடுக்கிறன். வேற ஒருத்தரும் வீடியோ கோல் எடுக்க வேண்டாமெண்டு சொல்லு."

அழுகைக்கும் ஆறுதலுக்கும் பிறகு நேரம் இருக்கும். வாட்ஸ்அப்பில் "லைவ்" லொகேஷன் பற்றரியைத் தின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்போதைய இடத்தை அனுப்பச் சொல்வது நல்லது. வந்த இடத்தைக் கூகுள் வரைபடத்தில் திறந்து, புள்ளியின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இலக்கங்கள் வரும். அந்த இலக்கங்களோடு அவை எத்தனை மணிக்கு வந்தவை என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டே போகும். துறையா போன்ற செய்மதித் தொலைபேசி வைத்திருந்தால் அதன் மெனுவிலேயே நிற்கும் இடம் தெரியும், குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லலாம்.

படகு "ஆபத்தில்" இருக்கிறதா என்பதை எப்படி முடிவு செய்வார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் தன் எல்லைக் காவல் கப்பல்களுக்காக ஒரு விதி இயற்றியது. பிரித்தானியாவை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது: படகின் நிலை, அதன் கொள்ளளவுக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்களா, எரிபொருள், குடிதண்ணீர், உணவு, ஓட்டத் தெரிந்தவர் இருக்கிறாரா, பாதுகாப்புக் கருவிகள், காலநிலை, குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள். இன்னொன்றையும் அது சொல்கிறது. ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பது படகில் இருப்பவர்கள் உதவி கேட்டார்களா என்பதை மட்டும் பொறுத்ததில்லை. இந்த வரிசையிலேயே நீங்களும் தகவல் கொடுத்தால் அதிகாரிக்கு மறுகேள்வி கேட்க வேண்டி வராது. கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

பாக்கு நீரிணை என்றால், ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ இருக்கும் உறவினரை எழுப்பி, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554க்கு அழைக்கச் சொல்லுங்கள். 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி வந்த குடும்பங்களைப் படகுக்காரர்கள் அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனபோது கைக்குழந்தையோடு அவர்களை ஏற்றி வந்தது அந்தப் படைதான். மத்தியதரைக் கடலில் என்றால் 2014 ஒக்டோபரிலிருந்து இயங்கும் அலாரம் போன் என்ற தன்னார்வலர் அமைப்புக்கும் சொல்லலாம். அவர்களிடம் மீட்புக் கப்பல் இல்லை. ஆனால் அதிகாரிகளை விடாமல் அழைப்பார்கள், எல்லாவற்றையும் நேரத்தோடு பதிவு செய்வார்கள்.

படகில் இருப்பவர்களின் முகங்களையும் பெயர்களையும் முகநூலிலும் டிக்டொக்கிலும் போடாதீர்கள். நாளை அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் படமே அவர்களுக்கு எதிரான சாட்சியாகும். ஊரில் இருக்கும் குடும்பத்தின் வாசலுக்கும் ஆள் வரும்.

கப்டனின் கடமை

கடலில் தத்தளிப்பவரைக் காப்பாற்றுவது கருணை மட்டும் இல்லை, கடமை. 1910இல் பிரசல்ஸில் எழுதப்பட்ட உடன்படிக்கையில் அது எழுத்தில் வந்தது. மறு வருடமே பிரித்தானியா அதைச் சட்டமாக்கியது. டைட்டானிக் மூழ்கியது அதற்கும் அடுத்த வருடம். இன்று அந்தக் கடமையை மூன்று உடன்படிக்கைகள் தாங்கி நிற்கின்றன: 1974ஆம் ஆண்டுக் கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, 1979ஆம் ஆண்டுத் தேடல், மீட்பு உடன்படிக்கை, 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 98ஆம் உறுப்புரை. ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டவர், விசா உண்டா இல்லையா, எப்படி அங்கே வந்தார் என்பது காப்பாற்றும் கடமையைச் சற்றும் குறைக்காது.

பிரித்தானியாவில் இது 1995ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 93ஆம் பிரிவு. ஒரு கப்பலோ விமானமோ ஆபத்தில் இருக்கிறது என்ற தகவல் எந்த வழியில் கிடைத்தாலும் கப்டன் முழு வேகத்தில் போக வேண்டும். எந்த வழியில் என்றால், குட்மேய்ஸ் வீட்டிலிருந்து நீங்கள் கொடுத்து, கரையோரக் காவல்படை வானொலியில் அறிவித்த தகவலும் அதில் அடங்கும். போக முடியாத நிலை என்றால், அல்லது அந்தச் சூழலில் போவது நியாயமற்றது, தேவையற்றது என்று கருதினால் விலக்கு உண்டு. காரணத்தைக் கப்பலின் குறிப்பேட்டில் எழுத வேண்டும். காரணமின்றிப் போகாத கப்டனுக்கு இரண்டு வருடம்வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

இந்தக் கடமையால் பிழைத்தவர்கள் நம்மவர்களில் ஏராளம். 1986 ஓகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் பனிமூட்டத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களைக் கண்டது கஸ் டோல்ட்டன் என்ற மீன்பிடிக் கப்டன். 2022 நவம்பரில், 303 இலங்கையரோடு தென் சீனக் கடலில் தாழத் தொடங்கிய லேடி ஆர்3 கப்பலிலிருந்து ஒருவர் இலங்கைக்கு அழைத்தார். கொழும்பு மீட்பு மையம் சிங்கப்பூர், வியட்நாம், பிலிப்பைன்ஸ் மையங்களுக்கு அறிவித்தது. பக்கத்தில் போன ஜப்பானியக் கொடிக் கப்பல் ஹீலியோஸ் லீடர் திரும்பி வந்து எல்லோரையும் ஏற்றி வியட்நாமின் வுங் டாவ் துறைமுகத்தில் இறக்கியது. தொலைபேசி, மையம், கப்பல் என்ற சங்கிலி அறுபடாமல் வேலை செய்த நாள் அது.

நம்மவர் கை கொடுத்த நாளும் உண்டு. 2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்காலுக்கு அப்பால், நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகளோடு தத்தளித்த படகை முதலில் கண்டு தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தவர்கள் அந்தக் கரையின் மீனவர்கள். 2009இல் போரின் இறுதி நாட்களில் கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு கப்பலாவது வராதா என்று காத்திருந்த கரை அது. இந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சங்கிலி அறுந்த இரவு

2021 நவம்பர் 24 அதிகாலை, பிரான்ஸிலிருந்து புறப்பட்ட ரப்பர் படகு ஒன்று ஆங்கிலக் கால்வாயின் நடுவே தண்ணீர் ஏறிக் காற்றிறங்கத் தொடங்கியது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்கும் மாறி மாறி அழைத்தார்கள். பிரித்தானியத் தரப்பிலிருந்து வேலியன்ட் என்ற எல்லைப் படைக் கப்பல் தேடி வந்தது. அது கண்டது வேறு மூன்று படகுகளை. அவற்றில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டபோது, அழைத்தவர்களும் அதில் அடங்கிவிட்டார்கள் என்று எண்ணப்பட்டது. மூடுபனியால் கண்காணிப்பு விமானமும் பறக்கவில்லை. நண்பகலுக்குப் பிறகு மீன்பிடிப் படகு ஒன்று தண்ணீரில் உடல்களைக் கண்டது. குறைந்தது 27 பேர் இறந்தார்கள், 4 பேரைக் காணவில்லை, இரண்டு பேர் மட்டும் பிழைத்தார்கள்.

கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2023இல் அறிக்கை வெளியிட்டது. முன்னாள் நீதிபதி சேர் ரொஸ் க்ரான்ஸ்டன் தலைமையிலான சுயாதீன விசாரணை 2025 மார்ச்சில் சாட்சியம் கேட்டது. உடல்கள் பிரான்ஸில் கரை சேர்ந்ததால் இங்கே வழக்கமான மரண விசாரணைக்கு இடம் இருக்கவில்லை. குடும்பங்கள் கேட்டுக் கேட்டுத்தான் இந்த விசாரணையே வந்தது.

குட்மேய்ஸில் இருக்கும் உங்களுக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் உண்டு. "ஒரு படகை மீட்டுவிட்டோம்" என்று கரையோரக் காவல்படை சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். மீட்ட படகில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், எந்த நேரம், எந்த இடம் என்று கேளுங்கள். உங்கள் மருமகன் அதன் பிறகும் வாட்ஸ்அப்பில் எழுதினால், அல்லது எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால், உடனே மீண்டும் 999 அடித்து அதே பதிவு எண்ணைச் சொல்லி, "இது வேறு படகு" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஏற்றிய பிறகு எங்கே?

கப்பலில் தூக்கி ஏற்றியதோடு மீட்பு முடிவதில்லை. "பாதுகாப்பான இடம்" ஒன்றில் இறக்கியபோதுதான் அது முடிகிறது. 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் இதை அரசுகளின் கடமையாக்கின. உயிருக்கு ஆபத்தில்லாத, அடிப்படைத் தேவைகள் கிடைக்கிற இடம். தஞ்சம் கேட்கிறவராக இருந்தால், துன்புறுத்தலுக்குப் பயப்படும் நாட்டில் கொண்டுபோய் இறக்கக் கூடாது.

கடற்சட்டமும் மனித உரிமைச் சட்டமும் சேருவது இங்கேதான். 2009 மே மாதம் இத்தாலியக் கப்பல்கள் சுமார் 200 பேரை நடுக்கடலில் ஏற்றி லிபியாவில் கொண்டுபோய் விட்டன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012 பெப்ரவரி 23 அன்று ஹிர்சி வழக்கில், அரசின் கப்பலில் ஏறியவர் அந்த அரசின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டார், அவரைச் சித்திரவதைக்கு அனுப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. 2014 ஜனவரியில் கிரேக்கத்தின் ஃபார்மகோனிசி தீவருகே 11 பேர் மூழ்கிய சம்பவத்தில், உயிரைக் காக்கப் போதியதைச் செய்யவில்லை என்று 2022 ஜூலையில் கிரேக்கத்துக்கு எதிராகவும் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

எல்லா நீதிமன்றமும் இப்படிச் சொல்வதில்லை. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர்களை அவுஸ்திரேலியா நடுக்கடலில் மறித்து, கிட்டத்தட்ட ஒரு மாதம் கப்பலுக்குள்ளேயே அடைத்து வைத்தது. அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில், 4க்கு 3 என்ற பெரும்பான்மையில், அது சட்டப்படி சரி என்றது. மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரித்தானியாவோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது டியாகோ கார்சியா வழக்கு. 2021 ஒக்டோபர் 3 அன்று, கனடாவுக்கு என்று புறப்பட்டு ஆபத்தில் சிக்கிய மீன்பிடிப் படகிலிருந்த 89 தமிழர்களைப் பிரித்தானியக் கப்பல் அந்தத் தீவுக்கு அழைத்துப் போனது. உயிர் காக்கப்பட்டது, மீட்பு சரியாகவே நடந்தது. ஆனால் அதன் பிறகு வேலி போட்ட சிறு முகாமில், எலிகள் ஓடும் கூடாரங்களில், காவலர் இல்லாமல் வெளியே போக முடியாமல் மூன்று வருடங்கள் வைத்திருந்தார்கள். சிலர் உயிரை மாய்க்க முயன்றார்கள், சிலரைச் சிகிச்சைக்கென்று ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். அகதிகள் உடன்படிக்கை அந்தத் தீவுக்கு நீட்டிக்கப்படவில்லை. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையும் அங்கே இல்லை. அப்படியிருந்தும், லண்டன் சட்டத்தரணிகள் அந்தத் தீவின் சொந்த நீதிமன்றத்திலேயே வழக்காடினார்கள். 2024 டிசெம்பர் 16 அன்று நீதிபதி மார்கரெட் ஒபி, அது பெயரில் மட்டும் சிறையில்லை, மற்றபடி சிறையேதான் என்றும், சட்டவிரோதத் தடுப்பு என்றும் தீர்ப்பளித்தார். பெரும்பாலானோர் அதே மாதத் தொடக்கத்தில் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள்.

கரையேறிய உறவினர் பிடிபட்டிருந்தால் அவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: தஞ்சம் கேட்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எங்கே போகப் பயம் என்பதையும் சொல்ல வேண்டும், வெளியே போக அனுமதி உண்டா, இல்லையென்றால் எந்தச் சட்டத்தின்கீழ் என்று எழுத்தில் கேட்க வேண்டும். உடம்பில் சித்திரவதைத் தழும்பு இருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சுக்கான் பிடித்தவர்

இதைத் தெரியாமல் சிறைக்குப் போகிறவர்கள் இருப்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2010 ஓகஸ்டில் 492 தமிழர்களோடு கனடா சேர்ந்த சன் சீ கப்பலைத் தாய்லாந்து மாலுமிகள் புறப்படுமுன்னே கைவிட்டார்கள். பயணிகளே சமைத்தார்கள், இயந்திரத்தைப் பார்த்தார்கள், காவல் இருந்தார்கள். அவர்களை ஆட்கடத்தல்காரர் என்றது கனடிய அரசு. 2015 நவம்பர் 27 அன்று கனடிய உச்ச நீதிமன்றம், தப்பி வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவது ஆட்கடத்தல் ஆகாது என்றது.

பிரித்தானியாவில் அந்த நிழல் கிடைக்காது. 2022ஆம் ஆண்டு தேசியம், எல்லைகள் சட்டம், கரையோரக் காவல்படை ஒருங்கிணைத்த மீட்பைச் செய்தவருக்கும், ஆபத்தில் இருந்தவரைக் கரை சேர்த்தவருக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் அதே படகில் கூட வந்தவர் சுக்கான் பிடித்தால், அதை உதவியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. சட்டவிரோத வருகைக்கு உதவிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனைவரை இடமுண்டு. 2022 டிசெம்பர் 14 அன்று மூழ்கிய ஒரு ரப்பர் படகிலிருந்து ஆர்க்டூரஸ் என்ற மீன்பிடிப் படகு 31 பேரைக் காப்பாற்றியது. அந்த ரப்பர் படகை ஓட்டிய இளைஞருக்கு 2024இல் ஒன்பதரை வருடச் சிறை விதிக்கப்பட்டது. ஏஜென்சிக்காரன் "நீ ஓட்டு, காசில் கழிக்கிறேன்" என்று சொன்னால், மருமகனுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குட்மேய்ஸில் இருந்து ஏஜென்சிக்குக் காசு அனுப்புவதும் இதே குற்றத்துக்குள் வரலாம். உண்மையான ஆபத்தைச் சொல்ல 999 அடிப்பது குற்றமாகாது. பயத்தில் அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கோப்பும் தவணையும்

அழைப்பு வந்த நேரம், இடத்தின் இலக்கங்கள், பதிவு எண், பேசிய அதிகாரி சொன்னது ஆகியவற்றை ஒரு கோப்பில் போடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் முழுதாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வையுங்கள். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. உங்கள் 999 அழைப்பின் பதிவைத் தரச் சொல்லித் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

குடிவரவு ஆலோசனை சொல்ல எல்லோருக்கும் உரிமை இல்லை. சட்டத்தரணியாக இருக்க வேண்டும், அல்லது குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். ஹை ரோட்டில் கடைக்குப் பின்னால் மேசை போட்டிருப்பவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் முதலில் பதிவைக் கேளுங்கள். தஞ்ச வழக்குக்கு வசதியில்லாதவர்களுக்கு அரச சட்ட உதவி உண்டு. மேனர் பார்க்கில் 1986இல் தொடங்கிய தமிழர் நலன்புரிச் சங்கத்திலும் வழி கேட்கலாம். குட்மேய்ஸ் வீடுகளுக்கு இல்ஃபோர்ட் சவுத் நாடாளுமன்ற உறுப்பினரே உறுப்பினர். ஹோம் ஒஃபிஸோ கரையோரக் காவல்படையோ பதில் தராவிட்டால் அவருடைய மக்கள் சந்திப்புக்குப் பதிவு எண்ணோடு போங்கள்.

காணாமல் போனவரைத் தேடப் பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தேடல் பிரிவில் இலவசமாகப் பதியலாம். புறப்பட்ட நாளின் உடை, தழும்பு, பல் விவரங்களை அன்றே எழுதி வையுங்கள். பிறகு ஞாபகம் மாறும்.

அரசின் முடிவை எதிர்த்து நீதிமன்ற மீளாய்வு கேட்பதென்றால் தாமதமின்றி, அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். மனித உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குக்குப் பொதுவாக ஒரு வருடம். நீதிமன்றம் நியாயம் என்று கண்டால் நீட்டலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். அந்த வருடம் சம்பவம் நடந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. உடல் கிடைத்த நாளிலிருந்தோ விசாரணை முடிந்த நாளிலிருந்தோ எண்ணிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.